சங்கக்காவின் தொண்டை

கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற வேலைக்கு முதலில் வேண்டியது குரல் இல்லை, சந்தேகம். சங்கக்கா அதை யாரிடமும் கற்கவில்லை. வாசலில் நின்று நின்று அவளுக்கே வந்துவிட்டது.

நீதிமன்ற அறையின் கதவோரம் அவள் நிற்பாள். எதிரே நீண்ட தாழ்வாரம். அதன் மறுகோடியில் ஜெராக்ஸ் மெஷின், அதற்கப்பால் டீக்கடை. இடையில் பெஞ்சுகள், கறுப்புக் கோட்டுகள், காகிதக் கட்டுகள், தூங்குகிறவர்கள், சண்டைக்கு நிற்கிறவர்கள். வழக்கு எடுக்கப்பட்டதும் உரியவரின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது முறைக்குள் ஆள் உள்ளே வராவிட்டால் வழக்கின் கதை முடிந்தது.

"வக்கீல் வண்டியை நிறுத்திட்டிருக்கார்க்கா, ஒரு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடு" என்று யாராவது வந்து சொன்னால், அந்த வக்கீல் இன்னும் வீட்டில் சவரம் செய்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். யாராவது காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றால், எதிராளியின் பெயர் அவள் தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டால் நல்லது என்று நினைக்கிறார் என்று அர்த்தம். யாராவது டீ வாங்கிக் கொடுத்தால், அர்த்தம் சொல்லவே தேவையில்லை. இத்தனை வருஷத்தில் தாழ்வாரத்தில் ஒருவர் கையாலும் அவள் டீ குடித்ததில்லை. வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவருவாள். அந்த ஃபிளாஸ்க்கையும் கண்ணில் படும்படிதான் வைப்பாள்.

முதலில் அவள் அங்கே கூட்டிப் பெருக்குகிறவளாக வந்தவள். ஒருநாள் கூப்பிடுகிறவர் வரவில்லை. நீதிபதி மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு இவள் போய்க் கூப்பிட்டாள். பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்த இளம் வக்கீல் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, தனக்குச் சம்பந்தமே இல்லாத வழக்கில் ஆஜராகிவிட்டார். "என்னய்யா இது, மில் சங்கு ஊதுதா?" என்று அந்த அறை நீதிபதி கேட்டாராம். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் சங்கு. கொஞ்ச நாளில் வேலையும் அவளுடையதாயிற்று. சிபாரிசு இல்லை, உறவு இல்லை. தன் தொண்டையால் வாங்கிய வேலை. அதனால்தான் அதன்மேல் அவ்வளவு பிடிப்பு.

அந்தத் தொண்டைதான் காலை வாரியது.

காலையில் கரகரப்பு, மதியம் விரிசல், சாயங்காலம் வெறும் காற்று. அவள் வெந்நீர் குடித்தாள், மிட்டாய் சப்பினாள், வீட்டில் ஜாடையிலேயே பேசினாள். யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவருக்குக் குரல் போனதும், தரைக்குக் கீழே இருக்கும் பழைய கட்டுகள் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தூசியும் எலியும் அவரும். அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பற்றிப் பேச்சே இல்லை. கோர்ட்டில் அவரைக் 'கீழே போனவர்' என்றுதான் சொல்வார்கள், ஏதோ செத்துப்போனவரைப் போல. தனக்கும் அந்தப் படிக்கட்டு காத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தன்னை அதில் இறக்கிவிடக் காத்திருப்பவர்கள் யார் யார் என்பதிலும் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் விட்டுப்போனவர் யாருமில்லை.

அப்போதுதான் மரக்கடைக்காரரின் வழக்கு வந்தது.

பக்கத்து இடத்துக்காரர் சுவரை நகர்த்தித் தன் மரக்கிடங்குக்குள் கட்டிவிட்டார் என்பது அவருடைய மனு. அன்றைக்கு ஜெராக்ஸ் மெஷின் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சங்கக்கா மூன்று முறையும் கூப்பிட்டாள். கூப்பிட்டதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. ஆள் வரவில்லை, அவருடைய வக்கீலும் வரவில்லை. வழக்கு தள்ளுபடி. கொஞ்ச நேரம் கழித்துச் சூடு ஆறாத ஜெராக்ஸ் தாள்களோடு மரக்கடைக்காரர் ஓடிவந்தார்.

"என்னைக் கூப்பிடவே இல்லையே! அங்கதானே நின்னேன்! காது ரெண்டையும் தொறந்து வச்சுக்கிட்டு நின்னேன்!"

பின்னாலேயே அவருடைய வக்கீலும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டார். ஒரு நொடி யோசித்தார். பிறகு தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, "எதிர்த் தரப்பு கையில காசு அமுக்கியிருக்கும். கூப்பிடற மாதிரி வாயை மட்டும் அசைச்சிருக்கு இந்தம்மா" என்றார்.

சங்கக்காவுக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. "யாரைப் பாத்து என்ன பேசுறீங்க?" என்று கேட்க வாயைத் திறந்தாள். எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம்தான் வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. "பாத்தியா, நடிப்பை" என்றார்.

மறுநாள் புகார் மனு வந்துவிட்டது. பெரிய கிளார்க் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"கோர்ட் லீவு முடிஞ்சு திறந்ததும் ஐயா விசாரிப்பார். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

"வாயைத் திறக்கிறதுதானே சார் என் வேலை?"

"அதைத்தான் சொல்றேன்" என்றார் பெரிய கிளார்க்.

லீவு விட்ட அன்றைக்கே அவள் தொண்டை டாக்டரிடம் போனாள். அவர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் காய்ப்பு காய்ச்சிருக்கும்மா. மண்வெட்டி பிடிக்கிறவங்க கையில இருக்குமே, அந்த மாதிரி. நீங்க கத்துற விதம் தப்பு. இப்போதைக்கு அறுக்க வேண்டாம். பேச்சைக் குறைங்க. பாட்டுக் கிளாஸ் போங்க."

"பாட்டா?"

"மூச்சு விட, குரலைத் தூக்கிப் போட அவங்கதான் ஒழுங்காச் சொல்லித் தருவாங்க."

"டீச்சர் உங்க சொந்தக்காரங்களா டாக்டர்?"

"எனக்கு ஒரு பாட்டு டீச்சரையும் தெரியாதும்மா."

தெரியாது என்று அவ்வளவு சட்டென்று சொன்னதால், கட்டாயம் தெரியும் என்று சங்கக்கா முடிவு செய்தாள். அவர் வாயிலிருந்து பெயர் எதுவும் வருவதற்குள் எழுந்து வந்து, தானே ஒரு இடத்தைத் தேடிப் பிடித்தாள். கீழே டயர் கடை, இரண்டாவது மாடியில் பாட்டு வகுப்பு. போர்டு சின்னது, வாடகையும் குறைவாகத்தான் இருக்கும், பெரிய ஏமாற்றுக்கு இடமிருக்காது என்று ஒரு கணிப்பு.

முதல் மாடியில்தான் வில்லங்கம் இருந்தது. அங்கே தொங்கிய பலகையில் ஒரு வக்கீலின் பெயர். மரக்கடைக்காரருக்கு எதிர்த் தரப்பில் ஆஜராகிறவர். கோர்ட்டில் அவருக்கு மாடி வக்கீல் என்றே பெயர், அந்த மாடி இதுதான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கால் படியிலேயே நின்றுவிட்டது. இந்த ஆள் தன்னைப் பார்த்தால், பாட்டு வகுப்புக்கு எதற்கு என்று கேட்பார். தொண்டை போய்விட்டது என்று மோப்பம் பிடிப்பார். நாளைக்கே கோர்ட் முழுக்கப் பரவும். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். வேறு இடம் தேட நேரமில்லை. தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, அந்தக் கதவைத் தாண்டும்வரை படிகளைத் தாவித் தாவி ஏறினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் அப்படியேதான் போனாள். சந்தேகத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது என்ற நினைப்பு.

பாட்டு டீச்சருக்கு அவள் மகள் வயசுதான் இருக்கும். கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தாள். வகுப்பில் இன்னும் சிலர். அவர்களில் ஒருவர் பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் அகலத் திறக்கச் சொல்கிறவர், தன் வாயைத் திறக்காமல் பல்லிடுக்கில் பாடிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் டீச்சர் அவளைப் பாட விடவே இல்லை. பாயில் மல்லாந்து படுக்கச் சொன்னாள். வயிற்றின்மேல் ஒரு தடித்த அகராதியை வைத்தாள்.

"மூச்சை இழுங்கக்கா. புஸ்தகம் மேல போகணும். தோள் அசையக் கூடாது."

"பாட்டு எப்ப?"

"மூச்சு வந்ததும்."

"மூச்சு இல்லாமலா இத்தனை வருஷம் உசுரோட இருக்கேன்?"

"இருந்திருக்கீங்க. அவ்வளவுதான்" என்று டீச்சர் சிரித்தாள்.

அடுத்த வகுப்பில் ஒரு டம்ளர் தண்ணீரும் உறிஞ்சு குழலும் கொடுத்தாள். குழலைத் தண்ணீருக்குள் விட்டு, 'ஊ' என்று குரல் கொடுத்தபடியே குமிழி விட வேண்டும். சங்கக்கா டம்ளரைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பல் டாக்டரைப் பார்த்தாள். மூவரும் சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறார்களோ என்று தோன்றியது. ஆனால் பல் டாக்டர் வெகு பக்தியோடு குமிழி விட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பாட வேண்டாம்மா. கூப்பிட வந்தாப் போதும்."

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. கூப்பிடும்போது யாரை நினைச்சுக் கூப்பிடுறீங்க?"

"யாரையும் நினைக்கிறதில்ல. பக்கத்துல நிக்கிறவன் எதுக்கு நிக்கிறான்னு பாத்துக்கிட்டே கூப்பிடுவேன்."

"அதான் பல்லைக் கடிக்கிறீங்க. கழுத்து நரம்பு பொடைக்குது. பக்கத்துல நிக்கிறவங்களை விடுங்க. தூரத்துல நிக்கிறவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்ற மாதிரி கூப்பிடுங்க."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பேச்சு நன்றாக இருக்கிறவர்களை அவள் தினமும் கோர்ட்டில் பார்க்கிறாள். இருந்தாலும் மறுநாளும் போனாள்.

வீட்டில் அவள் கணவர் பிளம்பர். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஒரு சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்தபோது, மனைவி குளியலறையில் குனிந்து உட்கார்ந்து, வாளித் தண்ணீருக்குள் குழலை விட்டு 'ஊ ஊ' என்று குமிழி விட்டுக்கொண்டிருந்தாள். அவர் பையைக் கீழே வைக்காமலே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"எங்க அடைப்பு?"

"தொண்டையில."

"தொண்டை அடைப்புக்கு வாளியை ஏன் ஊதுற?"

"பாட்டுக் கிளாஸ்ல சொன்னாங்க."

"பாட்டுக் கிளாஸ்ல பாட்டுச் சொல்லித் தராம வாளி ஊதச் சொல்றாங்களா? அதுக்குக் காசு வேறயா? காத்தை வித்துப் பொழைக்கிறா அந்தப் பொண்ணு."

"நீங்க மட்டும் என்னவாம்? தண்ணியை விக்கலையா?"

அவர் பையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். ஆனால் விட்டுவிடவில்லை. மனைவி வாரத்தில் பாதி நாள் சாயங்காலம் முக்காட்டோடு கிளம்புகிறாள். திரும்பும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வருகிறாள். குழம்பில் உப்பு கூடிப்போனது என்று சொன்னால் சண்டைக்கு வராமல், "அப்படியா, தண்ணி ஊத்திக்கங்க" என்கிறாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இல்லாத புதுசு. ஒருநாள் பின்னாலேயே போய், டயர் கடையில் சைக்கிள் டியூபுக்கு விலை கேட்கிறவர் போல நின்றார். அவர் வீட்டில் சைக்கிளே கிடையாது. மேலே இருந்து நீளமாக ஒரு 'ஆ' வந்தது. இன்னொரு 'ஆ' வந்தது. மனைவியின் குரல்தான். முன்பு கேட்டறியாத குரலாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது பொத்தாம்பொதுவாகச் சொன்னார்:

"பிரஷர் பரவாயில்ல. குழாய்தான் கொஞ்சம் கோணல்."

வேவு பார்த்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பழைய சங்கக்காவாக இருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது. சிரிப்பு வந்ததும் அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

ஏனென்றால் தொண்டையோடு சேர்த்து மற்றவையும் மாறிக்கொண்டிருந்தன. படுத்ததும் தூக்கம் வந்தது. இரண்டு மாடி ஏறினாலும் இரைக்கவில்லை. மதியமானால் வந்து நெற்றிப் பொட்டில் உட்காரும் தலைவலி எங்கோ போய்விட்டது. கடைக் கண்ணாடியில் தன் முதுகு நேராக நிற்பதைப் பார்த்து, யாரோ வேறு பெண் என்று ஒதுங்கி வழிவிட்டாள். கேட்ட வைத்தியம் ஒன்று, கூடவே வந்தது நாலு. கோர்ட்டில் இப்படிக் கேட்காமலே தருகிறவர்களை அவள் கிட்டே சேர்ப்பதில்லை. எங்கேயோ ஒரு கொக்கி இருக்கும், லீவு முடிந்ததும் தெரியும் என்று மனசைத் தயாராக வைத்திருந்தாள்.

கொக்கி இருக்கத்தான் செய்தது.

கோர்ட் திறந்த அன்று முதல் வழக்குக்கு அவள் கதவோரம் வந்து நின்றாள். தோளைத் தளர்த்தினாள். தாழ்வாரத்தின் மறுகோடியைப் பார்த்தாள். கூப்பிட்டாள். கத்தவே இல்லை. குரல் தானாகக் கிளம்பி, பெஞ்சுகளுக்கு மேலாகப் போய், ஜெராக்ஸ் மெஷினைத் தாண்டி, டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவரைத் திரும்ப வைத்தது. உரிய ஆள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். "சங்கு திரும்ப ஊதிருச்சுடோய்!" என்று யாரோ கூவினார்கள். ஒருவர் கையைக்கூடத் தட்டினார்.

மரக்கடைக்காரரின் வக்கீலும் அங்கே நின்றிருந்தார். அவர் கை தட்டவில்லை. புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பார்த்ததுமே, கொக்கி இதுதான் என்று சங்கக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

மதியம் பெரிய கிளார்க் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"உன் தொண்டை நல்லாத்தானே இருக்கு? அன்னைக்கு மட்டும் ஏன் அமுங்கிச்சுன்னு அந்த வக்கீல் கேக்கறார். நான் என்ன பதில் சொல்ல?"

"அப்ப கெட்டிருந்துச்சு சார். இப்ப சரியாயிருச்சு."

"கெட்டிருந்துச்சா? என்கிட்ட சொல்லலையே நீ. அது கிடக்கட்டும். வாசல்ல ஸ்டாம்ப் விக்கிறாரே, அவர் உன்னைப் பாத்திருக்கார். மாடி வக்கீல் ஆபீஸ் படியில. ஒரு தடவை இல்ல, பல தடவை. முக்காடு போட்டுக்கிட்டு, யாரும் பாத்திடுவாங்களோன்னு ஓடிப் போனியாம்."

எந்த ஆளின் கண்ணுக்குத் தப்பிக்க ஓடினாளோ, அதே ஆளிடம் ஓடினதாக ஊர் பார்த்திருக்கிறது.

"சத்தியமா சார், நான் அதுக்கு மேல மாடிக்குப் போனேன். பாட்டுக் கிளாஸ்."

பெரிய கிளார்க் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். "பாட்டுக் கிளாஸ்" என்றார். "இந்த வயசுல. நீ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குச் சாயங்காலம் விசாரணை. தப்புன்னு ஐயா முடிவு பண்ணினா, கீழே அனுப்புறதோட நிக்காது. வேலையே போயிரும், பேரும் போயிரும்."

மறுநாள் வழக்குகள் முடிந்ததும் அறையில் சிலர்தான் மிஞ்சினார்கள். நீதிபதி, பெரிய கிளார்க், மரக்கடைக்காரர், அவருடைய வக்கீல், ஸ்டாம்ப் விற்பவர். கதவுக்கு வெளியே பாதி கோர்ட் காதை நீட்டிக்கொண்டு நின்றது.

மரக்கடைக்காரர் தன் குறையைச் சொன்னார். ஸ்டாம்ப் விற்பவர் தான் பார்த்ததைச் சொன்னார். பொய் ஒன்றும் சேர்க்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பிறகு வக்கீல் எழுந்தார்.

"சின்னச் சோதனை போதுங்கய்யா. என் கட்சிக்காரர் அன்னைக்கு நின்ன இடத்துலயே போய் நிக்கட்டும். ஜெராக்ஸ் மெஷினையும் ஓட விடுவோம். அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டாங்களோ அப்படியே இந்தம்மா இப்பக் கூப்பிடட்டும்."

நியாயமாகத்தான் பட்டது. நீதிபதி தலையசைத்தார். சங்கக்கா கதவை நோக்கி நடந்தாள். நடக்கும்போதே பொறி தெரிந்துவிட்டது. சத்தமாகக் கூப்பிட்டால், இந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு அமுக்கினாய் என்பார். மெல்லக் கூப்பிட்டால், பார், நினைத்தால் அமுக்கத் தெரிகிறது என்பார். எப்படிக் கூப்பிட்டாலும் அவர் கட்சிதான் ஜெயிக்கும்.

அவள் வாசலில் நின்றாள். தொலைவில் மரக்கடைக்காரர் இரண்டு காதுக்குப் பின்னாலும் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மெஷின் ஓடியது. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். பழைய வழக்கப்படி ஒவ்வொரு முகமாக எடை போடத் தொடங்கினாள். யார் தனக்கு ஆகாதவர், யார் போட்டுக் கொடுத்தவர், யார் சிரிக்கக் காத்திருப்பவர். போடப் போடத் தாடை இறுகியது. கழுத்து நரம்பு கிளம்பியது. இப்படியே வாயைத் திறந்தால் அன்றைய கீச்சுச் சத்தம் தானாக வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் யாரும் நம்பப் போவதில்லை.

முகங்களை விட்டாள். மூச்சை வயிறு வரைக்கும் இறக்கினாள். மரக்கடைக்காரரின் பெயரைக் கூப்பிடவில்லை. தன் பெயரைக் கூப்பிட்டாள்.

சங்கு என்ற பட்டப்பெயரை அல்ல. சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிற, கோர்ட்டில் பாதிப் பேருக்குத் தெரியாத, முழுப் பெயரை. ஒரு முறை. இரண்டு முறை. மூன்று முறை. தாழ்வாரம் முழுக்க அது போயிற்று. மரக்கடைக்காரர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டார். யாரை இந்தம்மா கூப்பிடுகிறாள் என்று எல்லோரும் அங்குமிங்கும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உள்ளே நடந்துபோய், கட்சிக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்று, "ஆஜர் ஐயா" என்றாள்.

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஐயா, இந்தக் குரல் அன்னைக்கு எனக்கு இல்ல. தொண்டை காய்ச்சுப் போயிருந்துச்சு. மாசக்கணக்கா. நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா கீழே அனுப்பிருவாங்கன்னு பயம். அவரைக் கூப்பிட்டேன், அவருக்குக் கேக்கல. கேட்டிருக்காதுன்னு எனக்கே தெரிஞ்சிருக்கணும். யார்கிட்டயும் நான் ஒரு டீ குடிச்சதில்ல. மறைச்சது மட்டும் தப்பு. அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க. ஆனா காசு வாங்கினேன்னு மட்டும் எழுதாதீங்க."

"முக்காடு?" என்றார் வக்கீல்.

"மாடி வக்கீல் சார் பாத்துட்டா தொண்டை விஷயம் வெளிய வந்துரும்னுதான். ரெண்டாம் மாடிக்குப் பாட்டுக் கத்துக்கப் போனேன்."

வக்கீல் வாய்விட்டே சிரித்தார். "பாட்டு! அப்படின்னா பாடச் சொல்லுங்கய்யா, கேப்போம்."

பெரிய கிளார்க் தரையைப் பார்த்தார். நீதிபதி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாடுங்கம்மா" என்றார்.

அவளுக்குத் தெரிந்தது ஏழு சுரமும், குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் முதல் வரிசையும்தான். அதைப் பாடினாள். கறுப்புக் கோட்டு, காகிதக் கட்டு, மரக்கூண்டு எல்லாவற்றுக்கும் நடுவே நின்று ஏறினாள். குரல் பெரிசாக, தடையில்லாமல் வந்தது. சுருதிதான் ஐந்தாவது படியில் நழுவி, ஆறாவதில் எங்கேயோ போய் முட்டியது. நிறுத்தினாள். "இந்த இடம் இன்னும் எனக்கு வரலீங்கய்யா" என்று சொல்லிவிட்டு, டீச்சர் பழக்கியபடி, கீழிருந்து மறுபடி ஏறினாள். மறுபடியும் அதே இடத்தில் முட்டினாள். கதவுக்கு வெளியே யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

நீதிபதி வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். துடைக்க வேண்டிய அவசியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"கஷ்டப்பட்டுக் கத்துக்கிறவங்கதான் இப்படிப் பாடுவாங்க" என்றார். பிறகு வக்கீல் பக்கம் திரும்பினார். "வக்கீல் சார், உங்க கட்சிக்காரருக்குக் கேக்கல, சரி. அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"நான்... வண்டியை நிறுத்திட்டிருந்தேங்கய்யா."

தாழ்வாரமே சிரித்தது. மரக்கடைக்காரர் மட்டும் சிரிக்காமல், முதல் தடவையாகத் தன் வக்கீலை மேலும் கீழும் பார்த்தார்.

வழக்கை மீண்டும் எடுக்க உத்தரவாயிற்று. லஞ்சப் புகாருக்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். உடல்நிலையை மறைத்ததற்காகச் சங்கக்காவுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு. இனி ஆறு மாசத்துக்கு ஒருமுறை தொண்டையைக் காட்டிச் சான்று கொடுக்க வேண்டும். குரல் இருக்கும்வரை வாசல் அவளுடையது.

"கண்டிப்பை அப்படியே விட்டுடலாமே சார், ஐயாகிட்டச் சொல்லிப் பாருங்களேன்" என்று பெரிய கிளார்க்கிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அதிர்ஷ்டத்தைச் சோதிக்காதே, போ" என்றார் அவர். கொஞ்சம் தயங்கி, "அந்தக் கிளாஸ்ல ஆம்பளைங்களும் வர்றாங்களா?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று சங்கக்காவுக்குச் சந்தேகமாக இருந்தது. "பல் டாக்டர் ஒருத்தர் வர்றார்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மரக்கடைக்காரரின் வழக்கு மறுபடி எடுக்கப்பட்ட நாளில், அவர் பொழுது விடிந்ததிலிருந்து அங்கேயே இருந்தார். இந்தத் தடவை புது வக்கீல். ஜெராக்ஸ் பக்கமே போகவில்லை. டீக்கும் போகவில்லை. நேராக வந்து சங்கக்காவின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்று, அவள் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தரவு வந்தாலும் அந்த மனிதருக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுக்கும் அவரைப் பார்த்தால் முழுசாக நல்லெண்ணம் வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் கடைக்கண்ணால் அளந்தபடி அருகருகே நின்றார்கள்.

வழக்கு எடுக்கப்பட்டது. சங்கக்கா மூச்சை இறக்கினாள். தாழ்வாரத்தின் மறுகோடியைப் பார்த்து, அவர் பெயரை முழுக் குரலில் கூப்பிட்டாள்.

மரக்கடைக்காரர் துள்ளி விழுந்தார். "ஏம்மா! பக்கத்துலதானே நிக்கிறேன்!"

"தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டாவது முறை கூப்பிட்டாள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, மூன்றாவதுக்கு முன்பே உள்ளே ஓடினார். அவள் மூன்றாவதையும் கூப்பிட்டு முடித்தாள்.